எப்போது சொட்டுகிறது? பினாங்கு ஓட்டு வீட்டில் ஒழுக்கைத் தேடும் முறை

மழைக்காலம் தொடங்கினால் சொந்தக்காரர்களில் யாராவது ஒருவர் என்னைக் கூப்பிடுவார். போன செப்டம்பரில் பட்டர்வொர்த்திலிருந்து பெரியம்மா மகள். "தம்பி, மேல் ரூம்ல ஒழுகுது. கூரை முழுசும் மாத்தணும்னு ஆள் சொல்றாரு."

"எப்போக்கா ஒழுகுது?"

"மழை பெஞ்சா ஒழுகுதுலா. வேற எப்போ?"

"மழை பெய்யும்போதேவா, நின்ன பிறகா? காத்து அடிச்சாலா, சும்மா பெஞ்சாலா?"

அக்காவிடம் பதில் இல்லை. ஒரு வாரம் கவனித்துச் சொல்லச் சொன்னேன். கடைசியில் தெரிந்தது, வெயில் அடிக்கும் நாளிலும் அந்த இடம் ஈரமாகத்தான் இருந்தது. ஓட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நான் கூரைத் தொழிலாளி அல்ல. ஜெலுத்தோங்கில் முப்பது வருடப் பழைய இரட்டை மாடி டெரஸ் வீட்டில், அதாவது சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீட்டில் இருக்கிறேன். அதில் ஒழுகாத மூலை பாக்கியில்லை, ஒவ்வொன்றாகத் தேடித்தேடிக் கற்றுக்கொண்டதுதான் இதெல்லாம். நம் பக்கத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் பெரும்பாலும் சிமெண்டு ஓடு அல்லது சுட்ட களிமண் ஓடு. அவற்றை வைத்தே எழுதுகிறேன். நகரத்துப் பழைய கடைவீடுகளுக்குத் தனியாகக் கீழே ஒரு பகுதி இருக்கிறது. உங்கள் வீட்டு அறிகுறி எதுவோ, நேரே அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## ஏணியைத் தொடுவதற்கு முன்

சீலிங்கில் தெரியும் கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். பக்கத்தில் தேதி எழுதுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு கறை கோட்டைத் தாண்டியிருந்தால் ஒழுக்கு உயிரோடு இருக்கிறது. தாண்டாவிட்டால் அது பழைய கறை, யாரோ எப்போதோ சரிசெய்து பெயின்ட் அடிக்காமல் விட்டது. பழைய கறைக்குப் புதிதாக ஆள் வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

சீலிங் தொப்பைபோல் தொங்கினால் அதை முதலில் கவனியுங்கள். அந்த அறையின் விளக்குச் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, மின்பெட்டியில் அந்த வரிசையையே இறக்கிவிடுங்கள். கீழே வாளி வைத்து, தொப்பையின் நடுவில் ஸ்க்ரூடிரைவரால் ஒரு சிறு துளை போடுங்கள். நீர் ஒரே இடத்தில் வடிந்துவிடும். விட்டுவைத்தால் பலகையே கட்டிலின்மேல் விழும். பழைய வீட்டுச் சீலிங் ஆஸ்பெஸ்டாஸ் பலகையாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் துளை போட வேண்டாம், அறையைப் பூட்டிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

சீலிங் கதவு வழியாக உள்ளே ஏறிப் பார்க்கலாம். காலையில் ஏறுங்கள். பதினோரு மணிக்கு மேல் அங்கே இட்லிச் சட்டிக்குள் நுழைந்ததுபோல் இருக்கும். கட்டைகளின்மேல் மட்டும் கால் வையுங்கள், சீலிங் பலகை உங்கள் எடையைத் தாங்காது. வெளியே ஓட்டின்மேல் ஏறுவதைப் பொறுத்தவரை, ஒற்றை மாடி வீட்டில் ஏணியில் நின்று எட்டும் வேலையைச் செய்யலாம். இரட்டை மாடி என்றால் வேண்டாம். ஈர ஓடு, இடி மின்னல், கூரை விளிம்புக்கு வரும் மின்கம்பி, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் ஏணியை மடித்து வையுங்கள்.

இன்னொன்று. சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருப்பது அபூர்வம். ஓட்டுக்கு அடியில் வெள்ளித்தாள் விரித்திருப்பார்கள். உள்ளே நுழைந்த நீர் அதன்மேலேயோ, சாய்ந்த கட்டையைப் பிடித்துக்கொண்டோ ஓடி, எங்கே ஆணியோ கிழிசலோ இருக்கிறதோ அங்கே இறங்கும். அதனால் சொட்டும் இடத்திலிருந்து கூரைச் சரிவில் மேல்நோக்கித் தேட வேண்டும். என் வீட்டில் ஒருமுறை ஓட்டை ஓரிடத்தில், சொட்டு பன்னிரண்டு அடி தள்ளி மாடிப்படியில்.

## மழையே இல்லை, ஆனாலும் சொட்டுகிறது

இந்தத் தலைப்புக்குத்தான் கூட்டம் அதிகம். கூரை என்று நினைத்து வருகிறவர்களில் பாதிப் பேர் இங்கே நிற்க வேண்டியவர்கள்.

முதலில் தண்ணீர்த் தொட்டி. நம் டெரஸ் வீடுகளில் தொட்டி கூரைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. தொட்டியில் நீர் நிறைந்ததும் மிதவைப் பந்து மேலே எழும்பி வால்வை மூட வேண்டும். பந்து ஓட்டையாகிவிட்டாலோ, வால்வின் ரப்பர் தேய்ந்துவிட்டாலோ, தண்ணீர் வெட்டு முடிந்து குழாயில் மண்ணோடு நீர் திரும்ப வந்து வால்வில் சிக்கிக்கொண்டாலோ, நீர் நிற்காது. மிச்சம் போகும் குழாய் வழியாக வெளியே கொட்ட வேண்டும். அந்தக் குழாய் கழன்றிருந்தால் சீலிங்கில் கொட்டும்.

சோதனை எளிது. இரவு படுக்கும் முன் எல்லாக் குழாயையும் மூடுங்கள். தொட்டி நிறைய ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு வாசலில் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். சின்னச் சக்கரம் சுற்றினால் எங்கோ போகிறது. தொட்டிக்குப் போகும் வால்வை மூடிவிட்டு மறுபடி பாருங்கள். சுற்றுவது நின்றால் குற்றவாளி தொட்டி அல்லது அதிலிருந்து கிளம்பும் குழாய். நிற்காவிட்டால் வேறு குழாய்.

மிதவைப் பந்தும் வால்வும் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், கை பழகியவர் அரை மணியில் மாற்றிவிடலாம். பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், அளவு சொல்லி வாங்கினால் இரண்டு தடவை அலைவீர்கள். தொட்டியின் உடம்பே வெடித்திருந்தால், அல்லது தொட்டி நிற்கும் பலகை ஊறித் தொய்ந்திருந்தால், பிளம்பரைக் கூப்பிடுங்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி என்றால் ஒரு டன் எடை. அதற்கு அடியில் படுத்து வேலை பார்க்காதீர்கள்.

தொட்டி சரி என்றால் அடுத்து ஏர்கான். பட்டர்வொர்த் அக்கா வீட்டில் இதுதான். ஏர்கானிலிருந்து நீர் போகும் குழாய் சீலிங்குக்குள் ஓடியது, உள்ளே வழவழவென்று பாசி அடைத்து நீர் பின்வாங்கியிருக்கிறது. ஏர்கான் போட்டுத் தூங்கிய மறுநாள் ஈரம், போடாத நாள் காய்ந்திருந்தது. ஒரே வாரம் கவனித்ததில் தெரிந்துவிட்டது. ஏர்கான் கழுவ வருகிறவரிடம் குழாயையும் ஊதிவிடச் சொல்லுங்கள். குளிர்ந்த செம்புக் குழாயின் மேலுறை கிழிந்திருந்தாலும் வியர்த்துச் சொட்டும். அதற்கு உறையை மாற்றினால் போதும்.

இரண்டும் இல்லை, கறை மட்டும் மஞ்சளாக, ஓரம் கருத்து, இடம் மாறிமாறி வருகிறதா? இரவில் மேலே யாரோ நடப்பதுபோல் சத்தமா? ஆயர் ஈத்தாமில் என் அத்தை ஒருநாள், "சீலிங்லேர்ந்து பண்டான் இலை வாசம் வருதுடா" என்றார். கேசரி செய்கிறீர்களா என்று கேலி செய்தேன். மேலே குடியிருந்தது மரநாய். மலாயில் அதை மூசாங் பண்டான் என்று அழைப்பதே அந்த வாசத்துக்காகத்தான். கறை அதன் மூத்திரம். நீங்களே பொறி வைக்கவோ விஷம் வைக்கவோ வேண்டாம், வனவிலங்குச் சட்டம் அதற்கும் உண்டு. பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறையிடமோ பொதுத் தற்காப்புப் படையிடமோ சொல்லுங்கள். அது போன பிறகு நுழைந்த வழியைக் கம்பி வலையால் அடையுங்கள். குட்டி உள்ளே இருக்கிறதா என்று பார்க்காமல் அடைத்தால் அடுத்த வாரம் வரும் வாசம் பண்டான் அல்ல.

## சாதாரண மழைக்கு இல்லை, காற்று மழைக்கு மட்டும்

மேற்குக் கரையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த வியாதி. தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலையில் மலாக்கா நீரிணையைத் தாண்டி ஒரு காற்று மழை வந்து அறையும், அதற்குப் பெயரே சுமத்ரா. சாதாரண மழை மேலிருந்து கீழே விழுகிறது. இது பக்கவாட்டில் வந்து ஓடுகளை அடியிலிருந்து தூக்குகிறது. ஓடுகளும் முகடும் செங்குத்தாக விழும் நீருக்குச் சரியாக இருந்தாலும், பக்கவாட்டு நீருக்கு வழி விட்டுவிடும்.

எந்தத் திசைக் காற்றுக்கு ஒழுகுகிறது என்று பாருங்கள். அந்தப் பக்கச் சரிவைத் தெருவுக்கு எதிர்ப்புறம் நின்று கைப்பேசியில் பெரிதாக்கிப் படம் எடுங்கள். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் எடுத்தால் நகர்ந்த ஓடு நிழல் விட்டுக் காட்டிக்கொடுக்கும். உச்சிவெயிலில் எல்லா ஓடும் நல்ல பிள்ளையாகத் தெரியும்.

ஓடு ஒன்று கீழே வழுக்கியிருந்தால் செலவு குறைவு. ஓட்டின் பின்பக்கம் ஒரு மூக்கு இருக்கும், அது ரீப்பரில், அதாவது ஓட்டுக்கு அடியில் ஓடும் குறுக்குச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. எல்லா ஓட்டுக்கும் ஆணி அடிப்பதில்லை. மூக்கு உடைந்தால் வழுக்கும். அந்த ஓட்டை மாற்றத்தான் வேண்டும், தள்ளி வைத்தால் மறுபடி இறங்கும். ஒரே வரிசையில் பல ஓடுகள் வழுக்கியிருந்தால் பிரச்சினை ஓட்டில் இல்லை, ரீப்பர் உளுத்திருக்கிறது அல்லது அதன் ஆணி துருப்பிடித்திருக்கிறது. கடலோரத்தில் உப்புக் காற்றுக்கு இது சீக்கிரமே நடக்கும். அது ஆள் வேலை.

ஓடுகள் சரியாக இருந்தால் முகட்டைப் பாருங்கள். இரண்டு சரிவும் சேரும் உச்சியில் கவிழ்த்து வைத்த ஓடுகள். அவற்றுக்கு அடியில் சிமெண்டுக் கலவை. பகலில் கொதித்து, மாலை மழையில் சட்டென்று குளிர்ந்து, இந்தக் கலவைதான் முதலில் வெடிக்கிறது. நம் ஊர்க் கூரைகளில் ஓட்டுக்கு வயசாகும் முன்பே முகட்டுக் கலவைக்கு வயசாகிவிடுகிறது.

சரியான வைத்தியம் பழைய கலவையைச் சுரண்டி எடுத்து, முகட்டு ஓட்டைத் திரும்பப் படிய வைத்து, வெளிவிளிம்பில் கொஞ்சம் இழுவை தாங்கும் பூச்சுக் கொடுப்பது. தப்பான வைத்தியம் வெடிப்பின்மேல் சிலிக்கன் இழுப்பது. தூசி படிந்த சிமெண்டில் சிலிக்கன் ஒட்டாது, ஒரு வருட வெயிலில் நாக்குபோல் உரிந்து வரும். அதுவரைக்கும் உள்ளே போன நீர் வெளியே வர வழியில்லாமல் கீழேதான் இறங்கும்.

ஒருமுறை என் முகட்டுக்கு வந்தவர் பழைய கலவையைத் தொடவே இல்லை. மேலேயே சிமெண்டை அப்பி, சாயம் பூசி, படம் எடுத்து அனுப்பி, காசு வாங்கிக்கொண்டு போனார். அவர் நடந்த பாதையில் மூன்று ஓடு வெடித்திருந்தது. அடுத்த சுமத்ராவுக்கு ஓர் அறையில் ஒழுகியது இரண்டு அறையானது. அன்றிலிருந்து வேலைக்கு முன் படம், பழைய கலவை எடுத்தபின் படம், முடிந்தபின் படம், மூன்றும் இல்லாமல் பணம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

## எந்த மழை பெய்தாலும், அதே இடத்தில், உடனே

தூறலுக்கே ஒழுகுகிறது என்றால் நேரான ஓட்டை இருக்கிறது. இது தேடுவதற்குச் சுலபமானது.

அந்தப் பக்கம் சமீபத்தில் யார் ஏறினார்கள்? தொலைக்காட்சித் தட்டு மாட்ட வந்தவர், சூரிய ஒளி வெந்நீர்த் தொட்டி வைத்தவர், பக்கத்து வீட்டுப் பெயின்டர்? ஓட்டின் நடுவில் மிதித்தால் வெடிக்கும். கீழ் ஓரத்தில், அடுத்த ஓட்டின்மேல் படியும் இடத்தில்தான் கால் வைக்க வேண்டும், தெரிந்தவர்கள் அப்படித்தான் நடப்பார்கள். தட்டின் கால் ஓட்டைத் துளைத்து இறங்கியிருந்தால் அந்தத் துளையைச் சுற்றிய பசை காய்ந்திருக்கும். ஆயர் ஈத்தாம், தஞ்சோங் பூங்கா பக்கம் என்றால் ஆட்களே ஏற வேண்டியதில்லை, குரங்குகள் போதும். காலையில் ஒரு கூட்டம் குதித்துப் போனபின் வாசலில் ஓட்டுத் துண்டு கிடந்தால் மேலே பார்த்துவிடுங்கள்.

வெள்ளித்தாள் இல்லாத பழைய கூரை என்றால் பகலில் சீலிங்குக்குள் ஏறி டார்ச்சை அணைத்துக் கண் பழகும்வரை உட்காருங்கள். வெளிச்சப் பொட்டுகள் தெரியும். ஓடும் ஓடும் சேரும் இடத்தில் கீற்றாகத் தெரிவது சகஜம். ஓட்டின் உடம்பில் பொட்டாகவோ மயிர்க்கோடாகவோ தெரிவதுதான் வெடிப்பு. வெள்ளித்தாள் உள்ள கூரையில் வெளிச்சம் வராது. தாளின் மேல் நீர் ஓடிய தடம், தாள் பைபோல் தொங்கும் இடம், கிழிசல், இவற்றைத் தேடுங்கள்.

கண்ணில் படாவிட்டால் தண்ணீர்க் குழாய்ச் சோதனை. ஒருவர் உள்ளே டார்ச்சோடு, ஒருவர் வெளியே குழாயோடு, இருவருக்கும் நடுவே கைப்பேசி. சரிவின் அடியிலிருந்து தொடங்குங்கள். பத்து நிமிடம் ஓரிடத்தில் நீர் விடுங்கள், உள்ளே ஒன்றுமில்லை என்றால் இரண்டு வரிசை மேலே. உச்சியிலிருந்து தொடங்கினால் நீர் எல்லா ஓட்டின்மேலும் ஓடிவிடும், எது குற்றவாளி என்று தெரியாது. மழை விழுவதுபோல் மேலிருந்து கீழே விழ விடுங்கள். ஓட்டின் அடிவாயில் குழாயைப் பீய்ச்சினால் புத்தம் புதுக் கூரையும் ஒழுகும்.

களிமண் ஓடு கண்ணுக்கு முழுசாக இருந்தும் சந்தேகம் என்றால் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், சந்தையில் சட்டி வாங்கும்போது பாட்டி தட்டிப் பார்ப்பாரே, அதுபோல. கிண்ணென்றால் நல்லது. சொத்தென்றால் உள்ளே வெடித்திருக்கிறது. மேலை நாடுகளில் கல்பலகைக் கூரை வேய்கிறவர்களும் பலகையைத் தட்டித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மாற்று ஓடு கிடைப்பதுதான் தலைவலி. பழைய அச்சுகளை நிறுத்திவிடுகிறார்கள், ஒரு மில்லிமீட்டர் வளைவு வேறானாலும் பக்கத்து ஓட்டோடு பூட்டிக்கொள்ளாது. உங்கள் வரிசையில் யாராவது கூரையைப் பிரித்தால் வெட்கப்படாமல் போய் இருபது ஓடு கேட்டு வாங்கிப் பின்கட்டில் அடுக்கி வையுங்கள். தாமானில் எல்லா வீட்டுக்கும் ஒரே காலத்தில் ஒரே ஓடு போட்டிருப்பார்கள். என் பின்கட்டில் பதினேழு இருக்கிறது. மனைவிக்குப் பிடிக்கவில்லை, ஆனால் மூன்று ஏற்கெனவே கூரைக்குப் போய்விட்டது.

## மழை வலுத்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒழுகுகிறது

முதல் பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு திடீரென்று வரும், மழை குறைந்ததும் நின்றுவிடும். எங்கோ நீர் தேங்கி, நிரம்பி, வழிகிறது.

கட்டரை, அதாவது கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் வாய்க்காலைப் பாருங்கள். இலை, மண், மைனாக் கூட்டின் வைக்கோல். எங்கள் வீட்டில் இறக்குக் குழாயின் வாயில் கிடந்தது ஒரு பூப்பந்து. பக்கத்து வீட்டுப் பையன் வாசலில் விளையாடியபோது மேலே போனது, இறகு விரிந்த பக்கம் கீழே பார்த்தபடி அழகாகத் தக்கை மாதிரி உட்கார்ந்திருந்தது. அதை எடுத்ததும் இரண்டு மாத ஒழுக்கு நின்றது. கட்டரில் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசுவும் வளரும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதற்கு அபராதம் தனி.

கட்டர் சுத்தம் என்றால் இரண்டு சரிவுகள் கூடும் பள்ளத்தில் கிடக்கும் தகரத்தைப் பாருங்கள். கூரை வேலைக் குத்தகைக்காரர்கள் ‘வேலி’ என்பார்கள், நம் வேலி அல்ல, பள்ளத்தாக்கைச் சொல்லும் ஆங்கிலச் சொல். கூரையின் பாதி நீர் இதில்தான் ஓடுகிறது. இலைக் குப்பை நடுவில் அணைபோல் படிந்தால் நீர் பக்கவாட்டில் ஏறி ஓட்டுக்கு அடியில் போய்விடும். குப்பையை எடுத்தாலே பாதி வழக்கு தீரும். எடுத்த பிறகும் ஒழுகினால் தகரம் துருப்பிடித்து ஊசித்துளை விழுந்திருக்கும். தார்ப் பட்டை ஒட்டினால் ஒரு மழைக்காலம் ஓட்டலாம், அதற்குமேல் நம்பாதீர்கள். தகரத்தை மாற்ற இரு பக்க ஓடுகளையும் எடுக்க வேண்டும், அது ஆள் வேலை. மாற்றும்போது துருப்பிடிக்காத உலோகமாகக் கேளுங்கள், கூலி எப்படியும் ஒன்றுதான்.

புதிய வீடுகளில் முன்பக்கம் சிமெண்டுக் கட்டர் வார்த்திருப்பார்கள். அதன் உள்பூச்சு வெடித்தால் சீலிங் ஓரம் முழுக்க ஈரக் கோடாக வரும். வீடு புதிது என்றால் காசு கொடுக்கும் முன் சாவி வாங்கிய தேதியைப் பாருங்கள். மேம்பாட்டாளரிடம் நேரே வாங்கிய தரைவீட்டுக்குச் (அடுக்குமாடி அல்லாத வீடு) சாவி கிடைத்ததிலிருந்து 24 மாதம் குறைபாட்டுப் பொறுப்பு அவருடையது. எழுத்தில் புகார் கொடுங்கள், படத்தோடு.

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் கொட்டியதுபோன்ற மழைக்கு மட்டும் ஒழுகிய கூரையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அந்த இரவில் ஒழுகாத வீட்டை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

## பக்கத்து வீட்டுச் சுவரோரம் ஈரம், பெயின்ட் உரிகிறது

டெரஸ் வீட்டில் இரண்டு கூரைக்கும் நடுவே சுவர் எழும்பி நிற்கும், அல்லது பக்கத்துக்காரர் மாடி எடுத்து உயர்த்தியிருப்பார். சுவரும் ஓடும் சேரும் இடத்தில் தகரமோ அலுமினியமோ மடித்து, அதன் மேல்விளிம்பைச் சுவரில் வெட்டிய பள்ளத்துக்குள் செருகியிருக்க வேண்டும். பல வீடுகளில் வெறும் சிமெண்டு இழுத்துவிட்டிருப்பார்கள். சுவர் ஒரு வேகத்தில் அசைகிறது, கூரை ஒரு வேகத்தில் அசைகிறது, நடுவில் சிமெண்டு என்ன செய்யும்?

மயிரிழை வெடிப்பு என்றால் சுத்தமாகத் தேய்த்துத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் தார் ஒட்டுப் பட்டை போடலாம். இரண்டு மூன்று நாள் வெயிலுக்குப் பிறகு ஒட்டுங்கள். தகரம் தூக்கிக்கொண்டு நின்றால் ஆளைக் கூப்பிட்டுப் பள்ளம் வெட்டிச் செருகச் சொல்லுங்கள். ஈரம் சுவரின் நடுவில் மட்டும் இருந்து, மேலே காய்ந்திருந்தால் அது கூரை இல்லை. மறுபக்கம் அவர்கள் குளியலறையா என்று கேளுங்கள். இந்த வேலையில் சண்டையைவிட ஒரு தட்டு முறுக்கோடு போய்ப் பேசுவது மலிவு. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் பாதி தெரியும்.

## மழை பெய்தால் மெயின் சுவிட்ச் விழுகிறது

சீலிங் விளக்கின் இணைப்பில் நீர் இறங்குகிறது. திரும்பத் திரும்பத் தூக்கிப் போடாதீர்கள். அந்த ஒரு வரிசையை இறக்கி வைத்துவிட்டு மற்றதைப் போடுங்கள், எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேனைக் கூப்பிடுங்கள். இடி இடிக்கும்போது மட்டும் விழுந்தால் காரணம் மின்னலாக இருக்கலாம், கூரையைக் குற்றம் சொல்ல முடியாது. இதில் நீங்களாகச் சோதிக்க எதுவும் இல்லை.

## ஓடு கறுத்துப் பாசி பிடித்திருக்கிறது

ஒழுகவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வேகமாக நீரை அடித்துக் கழுவினால் ஓட்டின் மேல்தோல் போய் இன்னும் அதிகம் நீர் குடிக்கும். வாசலுக்கு வந்து கூரை முழுக்க நீர்புகாப் பூச்சு அடித்தால் ஒழுக்கு நிற்கும் என்கிறவரை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். வழுக்கிய ஓட்டின்மேல் பூச்சு அடித்தால் அது வர்ணம் அடித்த வழுக்கிய ஓடு.

## முகட்டுக் கோடு நேராக இல்லை

தெருவில் நின்று முகட்டைக் கண்ணால் பிடியுங்கள். நடுவில் தொய்ந்திருந்தால், அல்லது சரிவில் ஒரு குழி தெரிந்தால், இது ஓட்டுப் பிரச்சினை அல்ல. சிமெண்டு ஓடு ஒன்று நான்கு ஐந்து கிலோ வரும், ஒரு சதுர மீட்டருக்குப் பத்துப் பக்கம் அடுக்குகிறார்கள். அதற்கு மேல் யாராவது 300 லிட்டர் வெந்நீர்த் தொட்டியை ஏற்றியிருந்தால் நீர் மட்டுமே 300 கிலோ. கீழே கட்டையைக் கரையான் தின்றிருந்தால் என்ன ஆகும்?

உள்ளே ஏறாமல், சீலிங் கதவிலிருந்து டார்ச் அடித்து மட்டும் பாருங்கள். கட்டையில் மண்குழாய்கள் ஓடுகின்றனவா? கட்டைக்கும் சீலிங் பலகைக்கும் நடுவே புது இடைவெளியா? கீழே அறைக் கதவுகள் திடீரென்று இறுகுகின்றனவா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அந்த அறையில் படுக்க வேண்டாம். முதலில் கட்டமைப்புப் பொறியாளர், பிறகுதான் கூரை ஆள். வரிசையை மாற்றினால் உளுத்த கட்டையின்மேல் புது ஓடு ஏறும்.

## நகரத்துப் பழைய வீடு

லெபோ குயின், லெபோ பாசார் பக்கம் முன்னோர் விட்டுப்போன கடைவீடு உள்ளவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. மெல்லிய வளைவுக் களிமண் ஓடுகள், மேலும் கீழுமாகப் பல அடுக்கு. அதன்மேல் நடக்கவே கூடாது. முகட்டிலும் ஓரத்திலும் சுண்ணாம்புக் கலவைதான் போட்டிருப்பார்கள். அதைச் சிமெண்டால் ஒட்டினால், அசைய முடியாமல் சிமெண்டுக்குப் பதில் ஓடு வெடிக்கும். அடுத்த முறை பிரிக்கும்போது ஓடும் சேர்ந்தே வரும். ஒழுக்கு பெரும்பாலும் நடுமுற்றத்தைச் சுற்றிய கட்டரில் இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள்.

2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ்டவுன் பகுதிக்குள் வீடு இருந்தால், ஓட்டில் கை வைக்கும் முன் மாநகராட்சி மன்றத்தின் பாரம்பரியப் பிரிவில் கேட்டுவிடுங்கள். தகரம் போட்டு மூடிவிடலாம் என்று யாராவது மலிவாகச் சொல்வார். பிறகு அதைப் பிரித்துத் திரும்ப ஓடு போடும் செலவும் உங்களுடையதாகிவிடலாம்.

## ஆளைக் கூப்பிடும்போது

குத்தகையாளர் சிஐடிபி (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிவு வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால் அதுவே பதில். ஏறிப் பார்க்காமல் வாசலில் நின்று விலை சொல்கிறவரை விடுங்கள். விலைச்சீட்டில் ‘கூரை பழுது’ என்று ஒற்றை வரி இருக்கக் கூடாது: எத்தனை ஓடு, எத்தனை அடி முகடு, எந்த உலோகம், உடைந்த ஓட்டுக்கு யார் பொறுப்பு, எல்லாம் தனித்தனியாக வேண்டும். ஓர் ஓட்டின் விலை பெரிதல்ல, ஆளை மேலே ஏற்றும் கூலிதான் பெரிது. அதனால் ஏறும் நாளிலேயே கட்டர், பள்ளத் தகரம், தட்டுக் கால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதி வைத்த தேதிகளையும் நேரங்களையும் அவரிடம் காட்டுங்கள். நல்ல வேலைக்காரர் அதைப் பார்த்ததும் நேரே ஓரிடத்துக்குப் போவார். பணத்தில் ஒரு பகுதியை அடுத்த பெருமழை வரைக்கும் நிறுத்தி வைப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நல்லவர்கள் இதற்கு ஒத்துக்கொள்கிறார்கள்.

வேலை முடிந்ததும் சீலிங்குக்கு உடனே பெயின்ட் அடிக்காதீர்கள். பழைய கறையைச் சுற்றிப் புதுக் கோடு, புதுத் தேதி. காற்று மழை ஒன்று, நேர் மழை ஒன்று, இரண்டும் பெய்து முடியட்டும். கோடு கோடாகவே இருந்தால் பாக்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பெயின்ட் டப்பாவைத் திறக்கலாம்.